மல்லாந்து விழுந்த மரத்துண்டுகள்

“தம்பி, அடுத்த ஞாயிறு பூசை முடிஞ்சதும் லத்தாவுல இருக்கிற சைனாக்காரங்க கோயிலுக்குப் போகணும். நீ கூட வா. தலையில முக்காடு போடணுமான்னு படிச்சுட்டு வா. யார்கிட்டயும் சொல்லாதே.”

அக்டோபர் மாதத்து ஞாயிறு ஒன்றில், காலை ஆறு நாற்பதுக்கு, என் அக்கா பிலோமினா கைப்பேசியில் அனுப்பிய செய்தி இது. அழிக்காமல் வைத்திருக்கிறேன். அண்மைய வருஷங்களில் ஒன்று. எது என்று எழுத அக்கா அனுமதிக்கவில்லை. வருஷத்தை விட்டுவிட்டு ஒரு சம்பவத்தை எழுதுவது எனக்குச் சட்டை போடாமல் தெருவில் நடப்பது மாதிரி இருக்கிறது. பழகிக்கொள்கிறேன்.

செய்தியில் இருந்த கட்டளைகளில் கூடப் போவதையும் படித்துவிட்டுப் போவதையும் நான் ஒழுங்காகச் செய்தேன். யாரிடமும் சொல்லாமல் இருப்பதை மட்டும் போய் வந்த அன்று மாலைக்குள் பதினேழு வீடுகளுக்குத் தொலைபேசியில் சொல்லி மீறினேன். அந்த மானக்கேட்டைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. பர்மாவின் யாங்கோன் நகரில், போட்டாதாங் படகுத்துறைக்குப் பக்கத்தில் சரக்கு இறக்கி ஏற்றும் அலுவலகம் ஒன்றில் வேலை. மிச்ச நேரத்தில் தேதிகள். எங்கள் குடும்பத்தில் யார் எந்தக் கிழமை பிறந்தார், யாருக்கு எந்தச் சாமியார் ஞானஸ்நானம் கொடுத்தார், யார் எந்த மழைக்காலத்தில் செத்தார், எல்லாம் என்னிடம் உண்டு. உறவுக்காரர்கள் வைத்த பெயர் காலண்டர். யாராவது செத்தால் அழுவதற்கு முன்னால் மணி பார்ப்பவன் என்று ஒரு பேச்சும் உண்டு. (பொய்யில்லை. அம்மா போனபோது பார்த்தேன். நாலு பத்து.)

இப்படிப்பட்ட ஆளை எங்கள் பங்குக் கோயிலில் சும்மா விடுவார்களா? கல்லறைத் திருநாள் பூசையில் வாசிக்க, இறந்தவர்களின் பெயர்களைச் சேகரித்துக் கொடுக்கும் பொறுப்பு பல வருஷமாக என்னுடையது. அந்த வருஷம் அக்டோபரில் பேனாவோடு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா சமையற்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ஆல்பர்ட் பேரை எழுதட்டுமா?” என்று கேட்டேன்.

ஆல்பர்ட் அக்காவின் மகன். சரக்குக் கப்பல் ஒன்றில் எஞ்சின் அறை வேலை. யாங்கோனில் இருக்க முடியாத பையன்கள் எல்லாரும் எதையாவது பிடித்துக்கொண்டு வெளியே போன காலம்; அவன் கப்பலைப் பிடித்தான். அந்த மே மாதம் ஒரு காலையில் வேலைக்கு வரவேண்டியவன் வரவில்லை. கப்பல் முழுக்கத் தேடினார்கள். வந்த வழியே திரும்பிப் போய்க் கடலில் தேடினார்கள். பிறகு கப்பல் தன் வழியில் போய்விட்டது. ‘காணவில்லை’ என்று கம்பெனி எழுதியது. சுற்றியிருந்த பெரியவர்கள் அந்தச் சொல்லை ஒரு மாதிரிப் படித்தார்கள், அக்கா வேறு மாதிரிப் படித்தாள். காணோம் என்றால் தேட வேண்டும் என்பது அவள் கட்சி.

என் கேள்வியைக் கேட்டதும் அக்கா மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் செதில் உரித்தாள். நான் பேனா மூடியைத் திறந்தபடி நின்றேன் என்பதை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. அக்காவின் மகள் ஜெனி வந்து என் கையிலிருந்து பேனாவை வாங்கி மூடி, என் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போனாள்.

அதற்கு அடுத்த ஞாயிறுதான் அந்தச் செய்தி வந்தது.

அடுத்த வாரம் பூசை முடிந்து, ஜெனியும் கூட வர, லத்தாவுக்குப் பேருந்தில் போகும்போது, மாதாவிடம் கேட்காமல் ஏன் அங்கே என்று கேட்டேன்.

“மாதாகிட்ட தினமும்தான் கேட்கிறேன். அவங்களே பிள்ளையைப் பறிகொடுத்தவங்க, என்னத்தைச் சொல்லுவாங்க பாவம்? கடல் யார் பொறுப்போ அவங்களைத்தானே கேட்கணும். அங்க கட்டை போட்டுக் கேட்டா பதில் வரும்.”

கட்டை போடுவது அக்காவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. எனக்கு அப்போது தோன்றியதெல்லாம் என் பையிலிருந்த எட்டுப் பக்கக் குறிப்பு. அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து அந்தக் கோயிலைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தேன். அக்காவின் துக்கத்துக்கு என்னால் கொடுக்க முடிந்தது அதுதான் என்று நினைத்தேன். மற்றவர்கள் சோறு கொண்டு வருவதுபோல நான் வரலாறு கொண்டு போனேன்.

ஆற்றைப் பார்த்து நிற்கும் பழைய கோயில் அது. கூரை முகட்டில் நாகங்கள் நெளியும். வாசலில் நின்றால் ஒரு பக்கம் லாரிச் சத்தம், மறுபக்கம் ஊதுபத்திப் புகை. வாசலிலேயே தொடங்கிவிட்டேன். சீனத்தின் தென்கிழக்குக் கடலோரத்திலிருந்து பாய்மரக் கப்பலில் வந்த வியாபாரிகள் கட்டியது. கரை சேர்ந்ததற்கு நன்றியாக முதலில் மரத்தால் எழுப்பினார்கள், பிறகு செங்கல்லாக மாற்றினார்கள். மாற்றிய வருஷம் குறித்து இரண்டு கருத்து உண்டு, இரண்டிலும் எனக்கு ஐயம் உண்டு. அக்கா செருப்பை ஓரமாக விட்டுக்கொண்டிருந்தாள். ஜெனி, “மாமா, உள்ளே போய்ச் சொல்லுங்க, வெயில்” என்றாள்.

உள்ளே நடுவில் மாச்சோ. கடலுக்குரிய தாய். மணிச்சரம் தொங்கும் மகுடம், புகையில் கறுத்த முகம். ஒரு பக்கம் சிவந்த முகமும் நீண்ட தாடியுமாகக் குவான் கொங்: போர்வீரன், சொன்ன சொல் தவறாதவன், அதனால் வியாபாரிகளுக்கு வேண்டியவன். இன்னொரு பக்கம் மருத்துவ தெய்வம் இருக்க வேண்டும் என்று என் மூன்றாம் பக்கம் சொன்னது. பார்த்தேன். சுவரில் கறுப்பு அங்கியோடு, ஒல்லியாக, நோயாளியைப் பார்க்கும் வைத்தியரின் கனிவோடு ஒருவர் சட்டத்துக்குள் இருந்தார். முன்னால் பூவும் இருந்தது.

“இவர்தான். உயிரோடு இருந்தபோது பெரிய வைத்தியர். புலியின் தொண்டையில் சிக்கிய எலும்பை எடுத்தவர். செத்த பிறகு தெய்வமாக்கினார்கள். கும்பிட்டுக்கோ அக்கா” என்றேன்.

அக்கா கும்பிட்டாள். ஜெனியும் கும்பிட்டாள். நான் குறிப்பை வைத்துக்கொண்டு எல்லாரையும் விடக் குனிந்து கும்பிட்டேன். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஊ டுன் என்ற பெரியவர் துடைப்பத்தோடு வந்து நின்று எங்களைப் பார்த்தார். பிறகு பர்மியத்தில், மிகவும் பணிவாக, அது தன் பெரியப்பா என்றார். கோயில் தலைவராக இருந்தவர். அரிசி மண்டி வைத்திருந்தார். வைத்தியம் எதுவும் தெரியாது, சர்க்கரை வியாதியில் இறந்தார். மருத்துவ தெய்வம் அந்தப் பக்கம் என்று கை காட்டினார்.

அக்கா முக்காட்டுத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். மே மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

“புலி தொண்டையில அரிசி சிக்கியிருக்கும்” என்றாள் ஜெனி.

வாயை மூடிக்கொண்டிருந்தால் நாள் நன்றாகவே முடிந்திருக்கும். எனக்கு இன்னும் ஐந்து பக்கம் மிச்சமிருந்தது.

மாச்சோவுக்கு முன்னால் இரண்டு காவலர்கள். ஒருவன் புருவத்தின் மேல் கை வைத்து எங்கோ தொலைவில் பார்க்கிறவன். ஆயிரம் காதம் தெரியும் கண்ணுடையவன். இன்னொருவன் காதருகே கை வைத்திருப்பவன். காற்றில் வரும் எந்தக் கூக்குரலும் அவனுக்குக் கேட்கும். முன்னால் பூதங்களாக இருந்து அவளிடம் தோற்று ஏவலரானவர்கள் என்றேன். அக்கா புருவத்தில் கை வைத்தவனுக்கு முன்னால் போய் நின்றாள். நெடுநேரம் நின்றாள்.

“இவருக்கு எல்லாம் தெரியுமா?”

“அப்படித்தான் ஐதீகம்.”

“அப்ப பார்த்திருப்பாரு.”

இதற்கு என் எட்டுப் பக்கத்தில் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில் வாயை மூடும் பழக்கம் எனக்கும் இல்லை. ஆகவே அடுத்த பக்கத்துக்குப் போனேன். மாச்சோவின் பிறப்பு. கடலோரத் தீவு ஒன்றில் மீனவக் குடும்பத்தில் பிறந்த பெண். பிறந்தபோது அழாததால் ஊமைப் பெண் என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். ஒருநாள் தறியில் உட்கார்ந்தபடியே மயங்கிவிட்டாள். அதே நேரம் கடலில் புயல். தகப்பனும் அண்ணன்மாரும் படகில். இவள் ஆவி கடலுக்குப் போய் ஒருவரை ஒரு கையிலும், ஒருவரை மறு கையிலும், ஒருவரைப் பல்லிலும் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தது. வீட்டில் அவள் தாய், மகள் செத்துவிட்டாள் என்று பயந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மகள் ஏன் என்று கேட்க வாயைத் திறந்தாள்.

இந்த இடத்தில்தான் நான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே உறைத்தது. ஆனால் வாக்கியத்தின் நடுவில் நிறுத்தினால் இன்னும் மோசம். முடித்தேன். பல்லில் பிடித்திருந்தவர் போய்விட்டார்.

ஜெனி என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன். அவளும் தங்கைதான்.

அக்கா மட்டும் கோபப்படவில்லை. கறுத்த முகத்தை நிமிர்ந்து பார்த்து, “அம்மா கூப்பிட்டா பதில் சொல்லாம எப்படி இருப்பா?” என்றாள். பிறகு முழங்கால் போட்டாள்.

கட்டை என்பது பிறைநிலா வடிவில் செதுக்கிய இரண்டு சிவப்பு மரத்துண்டுகள். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் முதுகு. கேள்வியை மனத்தில் கேட்டுவிட்டுத் தரையில் போட வேண்டும். விழும் விதம்தான் பதில். அக்கா அவற்றை எடுத்து, ஊதுபத்திப் புகையில் ஒருமுறை சுற்றி, நெற்றிக்கு நேரே பிடித்து முணுமுணுத்தாள். முன்னால் கும்பிட்டவரைப் பார்த்துச் செய்கிறாள் என்று நினைத்தேன். போட்டாள்.

இரண்டும் மல்லாந்து விழுந்தன. தட்டைப் பக்கம் இரண்டும் மேலே.

என் குறிப்பில் கட்டை போடுவதற்கு ஒரு பத்தி இருந்தது. அதில் வருஷம் எதுவும் இல்லாததால் நான் அதை மேலோட்டமாகத் தாண்டியிருந்தேன். ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. தரையில் மல்லாந்து கிடந்த இரண்டு பாதிகளைப் பார்த்ததும் எனக்கு என்ன ஞாபகம் வந்திருக்கும்? தேங்காய். சரிபாதியாக உடைந்து, இரண்டு மூடியும் வெள்ளை தெரிய மேல்நோக்கிக் கிடந்தால் எந்தத் தமிழனுக்கும் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். (தலைமுறை தலைமுறையாக ஞானஸ்நானம் பெற்ற குடும்பம். தேங்காய்ச் சகுனம் மட்டும் அந்தத் தண்ணீரில் கரையவில்லை.)

“நல்ல பதில் அக்கா! ரெண்டும் ஒண்ணா, முகம் மேலே. ஆமாங்கிறா. உயிரோட இருக்கான்” என்றேன். கோயிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சொன்னேன்.

ஊ டுன் துடைப்பத்தை நிறுத்தினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அவரைப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு விளக்குத் திரியைத் தூண்டப் போய்விட்டார். அக்கா கட்டைகளை எடுத்து, பழைய இடத்தில் வைத்து, “போலாம்” என்றாள்.

அதன் பிறகு நடந்தது முழுக்க என் கைங்கரியம். பேருந்திலேயே தொலைபேசியை எடுத்தேன். மிங்கலாடோனில் எங்கள் வீட்டில் இருந்த என் மனைவியில் தொடங்கி, சித்தப்பா மகன், ஞானத்தாய், பாடகர் குழு என்று போனேன். சகுனத்தை மட்டும் சொல்லவில்லை. அந்தக் கோயிலின் பழமை, மாச்சோவின் கீர்த்தி, அவள் பேரரசர்களிடமிருந்து பெற்ற பட்டங்கள், எல்லாவற்றையும் ஆதாரமாகச் சேர்த்துச் சொன்னேன். நான் ஒரு விஷயத்தைச் சொன்னால் சரிபார்த்துத்தான் சொல்வேன் என்று அவர்கள் நம்பினார்கள். என்னை வேறெந்த விஷயத்திலும் நம்பாதவர்கள்.

மாலை அக்கா வீடு நிறைந்துவிட்டது. ஆளுக்கொரு தூக்கில் மொஹிங்கா, மீன்சாறு ஊற்றிய நூடுல்ஸ். யாரோ கேக் வாங்கப் போய், அதன் மேல் என்ன எழுதச் சொல்வது என்று தெரியாமல் கடைக்காரனிடம் விழித்து, கடைசியில் ‘வாழ்த்துக்கள்’ என்று எழுதி வாங்கி வந்திருந்தார்கள். தெருமுனைக் கடை முஸ்லிம் பெரியவர் காக்கா, ராமநாதபுரத்துப் பக்கத்து வம்சம், ஒரு சட்டி நிறையப் பிரியாணி அனுப்பி, தானும் வந்து வாசலில் நின்றார். “நல்ல சேதி எந்த வாசல்ல வந்தா என்ன, புள்ள வந்தாப் போதும்” என்றார். அக்கா எல்லாருக்கும் தட்டு வைத்துப் பரிமாறினாள். தானும் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒரு வாய் அல்ல, தட்டு முழுக்க. அதைப் பார்த்து நான் என்னையே மெச்சிக்கொண்டேன்.

வியாழக்கிழமை ஜெனி என் அலுவலக வாசலுக்கு வந்தாள். பர்மியத்தில்தான் பேசத் தொடங்கினாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போதாது. கூடப் படித்த சீனப் பெண்ணிடம் கேட்டிருக்கிறாள். ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்தால்தான் ஆமாம். இரண்டும் கவிழ்ந்தால் இல்லை.

“ரெண்டும் மல்லாந்தா?” என்றேன்.

“சாமி சிரிக்குதுன்னு அர்த்தம் மாமா. பதில் சொல்லல. திரும்பக் கேளுன்னு அர்த்தம்” என்று தமிழில் சொன்னாள். சொல்லிவிட்டு, “அம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொல்லமாட்டேன்” என்றாள்.

படகுத்துறையிலிருந்து அக்கா வீடு பக்கம்தான். அன்று நான் அதைச் சுற்றிச் சுற்றிப் போனேன். பதினேழு வீட்டுக்குத் திரும்பக் கூப்பிட வேண்டும். கேக்கை மறக்க வேண்டும். அதெல்லாம் கூடப் பரவாயில்லை. மே மாதத்திலிருந்து சரியாகச் சாப்பிடாதவள் சாப்பிட்ட சோற்றை எப்படித் திரும்பக் கேட்பது?

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆல்பர்ட்டின் சட்டைகளும் அதில் இருந்தன; துவைத்தவை. நான் நின்றபடியே, ஒரே மூச்சில், ஆதாரம், சான்று எதுவும் இல்லாமல் சொல்லி முடித்தேன். தேங்காயையும் சொன்னேன்.

“எனக்குத் தெரியும்டா” என்றாள்.

கல்யாணத்துக்கு முன்னால் அக்கா லத்தாவில் ஒரு சீனர் துணிக்கடையில் தையல் வேலை பார்த்தவள். வேலைக்குச் சேர்ந்த தேதியும் விட்ட தேதியும் என்னிடம் இருக்கின்றன. அங்கே என்ன செய்தாள் என்று மட்டும் நான் ஒருநாளும் கேட்டதில்லை. முதலாளியின் மனைவி டோ ஏ, ஒவ்வொரு வருஷமும் மாச்சோவின் பிறந்தநாளுக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு போவாராம். கட்டை போடக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். ஆல்பர்ட் வயிற்றில் இருந்தபோது கூட ஒருமுறை போய்க் கேட்டிருக்கிறாள். அது எங்கள் யாருக்கும் தெரியாது. முக்காடு பற்றிப் படித்துவிட்டு வரச் சொன்னது எனக்கு ஒரு வேலை கொடுக்கத்தானாம்.

“அப்ப திரும்பப் போட்டிருக்கலாமே அக்கா. ஏன் போடல?”

அக்கா கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். காலரை நீவினாள்.

“போட்டு, கவிழ்ந்து விழுந்திருந்தா?”

அடுத்த சட்டையை எடுத்து மடியில் விரித்தாள்.

“சாமி சிரிச்சுதுன்னா இன்னும் சொல்லலைன்னு அர்த்தம். எனக்கு அது போதும்டா. நீ வேற ஊரைக் கூட்டி ஆமான்னுட்ட. நீ சொல்றது தப்புன்னு தெரியும். ஆனாலும் காதுக்கு நல்லா இருந்துச்சு. ஒரு நாள் கேட்டுக்கிட்டு இருக்கலாம்னு உட்கார்ந்திருந்தேன்.”

பதினேழு வீட்டுக்கும் திரும்பக் கூப்பிட வேண்டாம் என்றாள். அவரவரே மெள்ள மறந்துவிடுவார்கள் என்றாள். அப்படித்தான் ஆயிற்று. பங்குச் சாமியார் மட்டும் கேக் விஷயம் கேள்விப்பட்டு, திருநாளுக்கு முன்னால் வீட்டுக்கு வந்தார். சீனக் கோயிலைப் பற்றி அவர் பேசவில்லை. பூசையில் பெயரை வாசிக்கட்டுமா, வேண்டாமா என்று மட்டும் கேட்டார். நான் கேட்ட அதே கேள்வி. அவர் பேனா கொண்டு வரவில்லை, அதுதான் வித்தியாசம்.

“பேர் வேண்டாம் சாமி. கடல்ல இருக்கிறவங்களுக்காகன்னு ஒரு வரி சேர்த்து வாசிங்க” என்றாள் அக்கா.

இப்போதும் ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் பெயர்களெல்லாம் முடிந்த பிறகு அந்த வரி வரும். அதை எழுதிக் கொடுப்பவன் நான்தான். அந்த ஒரு வரியில் மட்டும் பெயரும் இல்லை, தேதியும் இல்லை.

வீட்டில் என் மானம் போனது போனதுதான். மின்சாரம் எப்போது வரும் என்று யாராவது கேட்டால் ஜெனி, “மல்லாந்துடுச்சு” என்பாள். விசா கிடைக்குமா, பேருந்து வருமா, மாமா சொன்ன வருஷம் சரியா, எல்லாவற்றுக்கும் அதுதான் பதில். நான் எந்தப் புகைப்படத்தைக் காட்டி யாரென்று விளக்கத் தொடங்கினாலும், “இவரு அரிசி மண்டியா, வைத்தியமா?” என்று குழந்தைகள்கூடக் கேட்கிறார்கள். அக்காவும் சிரிப்பாள். வருஷத்துக்கு ஒருமுறை மாச்சோவின் பிறந்தநாளுக்கு நாங்கள் போகிறோம். அக்கா ஊதுபத்தி ஏற்றுவாள், புருவத்தில் கை வைத்தவனுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்பாள். கட்டையை எடுப்பதில்லை. ஊ டுன்னும் எடுத்துக் கொடுப்பதில்லை. நான் குறிப்பு எதுவும் கொண்டு போவதில்லை.

இருந்தாலும் பழக்கம் விடவில்லை. முடிவாகாமல் கிடக்கும் இரண்டைப் பதிந்து வைக்கிறேன். மாச்சோவின் பல்லிலிருந்து நழுவியவர் அண்ணன் என்று சில கதைகளும், தகப்பன் என்று சில கதைகளும் சொல்கின்றன. என் சகோதரி மகன் ஆல்பர்ட்டைக் கடைசியாகப் பார்த்தது ஒரு திங்கட்கிழமை என்று கம்பெனி எழுதியிருக்கிறது. கூட வேலை பார்த்த பையன், இல்லை, செவ்வாய்க்கிழமை காலையில் தன்னிடம் தீப்பெட்டி வாங்கிப் போனான் என்கிறான். இரண்டையும் இதுவரை என்னால் சரிபார்க்க முடியவில்லை.